சங்கரா மீனின் செவுள் ஏன் வெளுத்திருக்கிறது? படத்தில் இருப்பவருக்கும் பார்ப்பவருக்கும் என்ன உறவு?

கேள்வி: காசிமேட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் லென்ஸ், வெளிச்சம், கேமரா விலை ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. எனக்குப் படமெடுக்கத் தெரியாது. படத்தில் இருக்கும் ஒருவரின் மகள் என்ற முறையில் ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன்.

என் அம்மா 26 ஆண்டுகளாகச் சென்னை காசிமேட்டில் மீன் விற்கிறார். விடிவதற்கு முன்பே ஏலத்தில் கூடை எடுத்து, பத்து மணிக்குள் விற்று முடித்துவிட வேண்டும் என்பதே அவருடைய அன்றாடக் கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். அப்படி வந்த ஒருவர் சென்ற ஆண்டு எடுத்த அம்மாவின் படம் நகரின் தென்பகுதியில் ஒரு கண்காட்சியில் மாட்டப்பட்டிருக்கிறது என்று என்னோடு வேலை செய்யும் தோழி சொன்னதால், அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தார்கள். கீழே அட்டையில் ‘கரை சேராத வாழ்வு’ என்று எழுதி, 18,000 ரூபாய் என்று விலையும் போட்டிருந்தார்கள். அம்மாவின் பெயர் இல்லை. அதன் எதிரே நின்றிருந்த கணவனும் மனைவியும், “இந்தக் கண்களில் எவ்வளவு சோகம் பாருங்கள்” என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டடி தள்ளி, அதே கண்களோடு, அதே மூக்குத்தியோடு என் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வழி விடச் சொன்னார்கள், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவோ வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சங்கரா மீனு செவுளு வெளுத்துனு கீது பாரு. நாள்பட்ட மீனு விக்கிறன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். அந்தச் சோகம் எதனால் என்று கேட்டதற்கு, அன்று கூடை கூடுதல் விலைக்குப் போய்விட்டதால் வட்டிக்காரருக்குப் போக என்ன மிஞ்சும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு, “ஒரு காப்பி கிடைக்குமா கேளேன்” என்றார்.

படத்தை எடுக்கச் சொல்லலாமா, பணம் கேட்கலாமா, அல்லது அம்மா சொன்னபடி ஒரு பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, அந்தக் கணவன் மனைவிக்கும் என் அம்மாவுக்கும் இடையே உண்மையில் ஏதாவது உறவு ஏற்பட்டதா, இல்லை அவர்கள் ஒரு காகிதத்தோடு மட்டும் பேசிவிட்டுப் போனார்களா என்பதே என்னைக் குடைகிறது.

பதில்: பழைய நெகட்டிவ்

தங்கைக்கு வணக்கம். வண்ணாரப்பேட்டையில் 34 ஆண்டுகள் ஸ்டுடியோ வைத்திருந்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான். கலைப்படங்களைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நாற்காலியில் உட்காருகிறவருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவருக்கும் நடுவில் நின்றே என் காலம் போனதால், சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது “எதுக்கு?” என்பதுதான். பாஸ்போர்ட்டுக்கு என்றால் முதுகை நிமிர்த்தி, முகத்தை மரக்கட்டைபோல் வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப என்றால், நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு, தான் இதுவரை பார்த்திராத ஒரு மாமியாருக்காகப் பாதி சிரிப்பார். துபாயில் இருக்கும் கணவனுக்கு என்றால் அதே பெண்ணின் முகம் முற்றிலும் வேறாக இருக்கும். ஒருமுறை ராயபுரத்திலிருந்து வந்த பெரியவர், “மாலை போடறதுக்குத் தம்பி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தாம் போன பிறகு சுவரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய முகத்தை அவர் எவ்வளவு நேரம் யோசித்துத் தயார் செய்தார் என்பதை நான் மறக்கவில்லை. மூன்று பிலிம் வீணானது, நான் காசு வாங்கவில்லை. கேமராவைப் பார்த்து உட்கார்ந்த யாரும் கேமராவைப் பார்த்ததில்லை, அதற்குப் பின்னால் இருந்த ஓர் ஆளைப் பார்த்தார்கள் என்பதே என் அனுபவம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோரக் குடும்பங்கள் பல, இறந்தவரின் படம் வேண்டும் என்று ஸ்டுடியோக்களுக்கு வந்தன. வீட்டில் இருந்த ஆல்பம் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. ஓர் அம்மா தன் கணவரின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்த முகத்தை ஸ்கேன் செய்து, புள்ளிகளை நிரவி, வெள்ளைச் சட்டை போட்டு, பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத்தில் எடுத்துக் கொடுத்தேன். என் கைவேலையில் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்களப் பாத்த மாதிரி இல்லைங்க, எவனோ அதட்டனதுக்கு முழிச்ச மாதிரி இருக்குது” என்றார். இரண்டு வாரம் கழித்து, உறவினர் வீட்டுக் கல்யாணக் கும்பல் படம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். மூன்றாவது வரிசையில், பாதி முகம் மறைந்து, சட்டகத்துக்கு வெளியே இருந்த யாரையோ பார்த்து அந்தக் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது தானும் பிள்ளைகளும்தான் என்று அந்த அம்மா சொன்னார்.

ஆகவே, உங்கள் அம்மாவின் முகம் அந்த நேரத்தில் யாருக்காகவும் வைக்கப்பட்ட முகம் அன்று. அதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை, நல்ல படங்கள் அப்படியும் கிடைக்கும். ஆனால் யாரும் பார்ப்பதற்கென்று வைக்காத முகத்தை 18,000 ரூபாய்க்கு விற்பதென்றால், ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மீனைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. சங்கராவைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் எவனும் வாங்கமாட்டான்.

பதில்: மணலி வாசகர்

உங்கள் கேள்வி பழைய கேள்விதான், அதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கியிருந்த முகாமில், டோரத்தியா லாங் என்பவர் ஒரு தாயையும் குழந்தைகளையும் சில படங்கள் எடுத்தார். அமெரிக்க அரசுக்காக எடுக்கப்பட்ட அவற்றுள் ஒன்று, அந்த நாட்டின் பஞ்ச காலத்துக்கே முகமாகிவிட்டது. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகுக்குத் தெரிய 1978 ஆகிவிட்டது.

இதில் உங்கள் அம்மாவின் வட்டிக் கணக்கை நினைவூட்டும் ஒரு செய்தி இருக்கிறது. உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார்; படத்தைப் பார்த்தவர்கள் அந்த டயரையும் சேர்த்தே பார்த்தார்கள். விற்பதற்கு எங்களிடம் டயர் எங்கே இருந்தது, அந்தக் காரிலேயேதானே பயணத்தைத் தொடர்ந்தோம் என்று குடும்பத்தார் பின்னாளில் மறுத்தனர். படம் வெளியானதும் முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 டன் உணவு அனுப்பப்பட்டது. அது போய்ச் சேர்ந்தபோது தாம்சன் குடும்பம் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டிருந்தது. பார்த்தவர்களின் இரக்கம் பொய் அன்று. ஆனால் அது படத்தில் இருந்தவரைத் தேடிப் போய், அவரைக் காணாமல், அங்கிருந்த மற்றவர்களின் பசியை ஆற்றியது. அவருடைய பிள்ளைகளில் ஒருவர், அந்தப் படத்தால் தாங்கள் வெட்கப்பட்டதாகவும், அதில் இருப்பது தாங்கள்தான் என்று யாருக்கும் தெரிய விரும்பவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதே பிள்ளைகள், 1983இல் தாய் நோயில் கிடந்தபோது, அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பல ஆயிரம் டாலர் அனுப்பினார்கள். நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, ஒரு பெயர் கிடைத்த பிறகு, பார்த்தவர்களுக்கு ஒரு முகவரி கிடைத்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பச்சைக் கண்களுடைய ஆப்கான் சிறுமியின் படத்தையும் பலர் அறிவீர்கள். 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது, 1985 ஜூனில் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழின் அட்டைப்படமானது. அந்தச் சிறுமி, ஷர்பத் குலா, அதை முதன்முதலில் பார்த்தது 2002இல். உலகமே பார்த்த முகத்தை அதன் சொந்தக்காரர் மட்டும் 17 ஆண்டுகள் பார்க்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். வடசென்னையில் பெரியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782இல் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. அதன் பிறகு 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். முன்வரிசையில் குழந்தைகள், பின்னால் பெரியவர்கள் என்று ஏறக்குறைய குடும்பப் படம்போலவே அவை அமைந்திருக்கும். அவற்றுள் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. இதே ஹூப்பர், 1886இல் பர்மாவின் மாண்டலேயில் துப்பாக்கியால் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கணத்தைப் படம் பிடித்ததற்காக விசாரணைக்கு உள்ளானவர். ‘பழைய நெகட்டிவ்’ ஐயா சொன்ன “எதுக்கு?” என்ற கேள்வியை அந்தப் பஞ்சப் படங்களில் இருப்பவர்கள் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நானும் என் பாட்டனும் பிறந்த மண்ணின் மனிதர்கள் அவர்கள் என்பதால், அந்தப் படங்களை என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. பார்க்காமல் கடந்துபோகவும் முடிவதில்லை.

பதில்: ஞாயிறு கேமரா

ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக்கு வந்து படமெடுக்கும் கும்பலில் நானும் ஒருவன் என்பதால், இந்த இழையில் பேசாமல் இருப்பது கோழைத்தனமாக இருக்கும். நீங்கள் குறிப்பிடும் படத்தை எடுத்தவன் நான் அல்லன்.

அனுமதி கேட்டவுடன் முகம் மாறிவிடுகிறது என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கமான வாதம். அதில் உண்மை உண்டு. வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துவைத்துப் பயணிகளைப் படமெடுத்தார். அந்த முகங்களில் இருக்கும் தனிமை, கேட்டு எடுத்திருந்தால் ஒருபோதும் கிடைத்திருக்காது. ஆனால் அதே எவன்ஸ் அவற்றைப் புத்தகமாக வெளியிட 1966 வரை காத்திருந்தார் என்பதை எங்களில் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இன்றைக்கு எடுத்ததை இன்றைக்கே போனில் ஏற்றி, இரவுக்குள் எத்தனை லைக் வந்தது என்று பார்க்கிறவர்கள் நாங்கள்.

இருந்தாலும் ஒரு மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். அந்தக் கணவன் மனைவியின் பெருமூச்சு ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்கள் வேறெதையோ தவறாகப் படித்தார்கள். அட்டையில் அப்படி எழுதியிருந்ததால் அப்படிப் படித்தார்கள். அந்தத் தவறில் பெரும்பங்கு எழுதியவருடையது. ‘கரை சேராத வாழ்வு’ என்று நாள்தோறும் கரையிலேயே வியாபாரம் செய்கிற ஒருவருக்குத் தலைப்பு வைத்திருப்பதைப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது நான் அங்கே போயிருந்தேன். கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் நின்றன. மீனவர்கள் குவளை வைத்தும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கேமராவைக் கண்டதும் படகிலிருந்த ஒருவர், “எந்த சேனலு?” என்று கேட்டார். எந்தச் சேனலும் இல்லை என்றேன். “அப்போ யாருக்குக் காட்டுவ?” என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முழங்கை வரை கறுப்பேறிய இரண்டு கைகளையும் லென்ஸுக்கு நேராக நீட்டி, எடுத்துக்கொள் என்பதுபோல் தலையசைத்தார். அந்தக் கைகளை அவர் எனக்குக் காட்டவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, என் வழியாக, காட்டினார். அந்தப் படம் நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் வாய் வருவதில்லை. பாதிக்கு மேல் அவர் எடுத்தது. ஸ்டுடியோ ஐயாவின் நாற்காலியும் அந்தப் படகும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

செய்முறையாக ஒன்று. அந்தக் கேமரா டிஜிட்டல் என்றால், படம் பெரும்பாலும் வண்ணத்தில்தான் பதிவாகியிருக்கும். கறுப்பு வெள்ளை ஆக்குவது பிறகு கணினியில் செய்வது. ஆகவே செவுளின் சிவப்பு எங்கேயோ ஒரு வன்தட்டில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கேட்டுப் பாருங்கள்.

பதில்: உயர்நீதிமன்ற வாசல்

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கு உரியது. அதாவது ஸ்டுடியோவில் உங்கள் அம்மா காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்தில் அவருக்கு இருக்கும் உரிமை, சந்தையில் யாரோ எடுத்த படத்தில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியிருக்கிறது. ஆயினும், பொது இடத்தில் வியாபாரம் செய்கிறவரைப் படமெடுத்துக் கண்காட்சியில் வைத்ததற்கு அதைக்கொண்டு வழக்காடுவது நீண்ட வேலை. அதே படம் ஒரு விளம்பரத்தில் வந்தால் கதை வேறு. இப்போதைக்குக் கடிதம் போதும், நோட்டீஸ் வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: காசிமேட்டுக்காரி

எழுதிய அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாக்காளர் அட்டைப் படத்தைத் திருப்பிக் கொடுத்த அம்மாவைப் பற்றிப் படித்தபோது நிறுத்தச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னார். டயர் விஷயம் வந்ததும், “அது பொய்தான், காரு இல்லாம எப்டிப் போவாங்க” என்றார்.

படமெடுத்தவருக்குக் கோபமில்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். கோபமில்லாமல் எழுத நான்கு முறை கிழித்துப்போட வேண்டியிருந்தது. அன்று மாலையே கூப்பிட்டுவிட்டார். சின்ன வயதுக்காரர், குரல் நடுங்கியது. வண்ணத்தில் ஒரு பிரதி போட்டுத் தருவதாகவும், அட்டையில் அம்மாவின் பெயரை எழுதுவதாகவும் சொன்னார். தலைப்பை என்னவென்று மாற்றலாம் என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். ‘காசிமேடு, காலை ஆறு மணி, சங்கரா’ என்று எழுதினால் போதும் என்றார். விற்றால் வரும் பணத்தைப் பற்றிப் படமெடுத்தவரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, அடுத்த முறை பேசுவேன்.

கண்காட்சியின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மேடைக்கு அழைத்து, வந்தவர்களோடு பேசவைக்க விரும்புவதாகவும் அவர் சொன்னார். பார்க்கிறவர்கள் நேரில் சந்திக்கட்டுமே என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே, “ஞாயித்துக்கெழம யாவாரத்த உட்டுட்டு நான் எங்க வர்றது? அவங்கள இங்க வரச் சொல்லு. வரும்போது பை எடுத்தாரச் சொல்லு” என்றார்.